ஐஸ்பெட்டியைவிடக் குளிர்ந்த கடலில் ஒரு சூடை

முல்லைத்தீவுக் கரையில் விடியற்காலை கரைவலை ஏறும்போது மடிக்குள் முதலில் கண்ணில் படுவது வெள்ளி மினுக்கம்தான். சூடையும் நெத்தலியும் காரலுமாக ஒன்றன்மேல் ஒன்று துள்ளும். கொஞ்ச நேரத்தில் துள்ளல் அடங்கிவிடும். றெஜிபோம் பெட்டியில் ஒரு படை ஐஸ், ஒரு படை மீன், மறுபடி ஒரு படை ஐஸ் என்று அடுக்கி லொறியில் ஏற்றுவார்கள். வவுனியாச் சந்தையில் பெட்டி திறபடும்போது ஒவ்வொரு மீனும் கம்பி மாதிரி விறைத்திருக்கும்.

அந்த மீன் குழம்பாகிய வீட்டிலேயே இரவு தொலைக்காட்சியில் பென்குயின் ஒன்று பனிப்பாளத்தின் விளிம்பிலிருந்து கடலுக்குள் குதிக்கிறது. சற்று நேரத்தில் இரை தின்ற வயிற்றோடு மேலே தாவி ஏறுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது: “ஐஸுக்குள்ள வச்ச மீன் விறைச்சுப் போகுது. ஐஸுக்குக் கீழ இருக்கிற மீன் ஏன் விறைக்கேல்லை?”

இதற்குப் பதில் காண ஒரு விளையாட்டு உண்டு. முல்லைத்தீவுச் சூடை ஒன்றைப் பிடித்து, கற்பனையில், அந்தாட்டிக்கக் கடலில் விட்டுப் பார்ப்பது. அது எங்கெங்கே தோற்றுப்போகிறதோ அங்கெல்லாம் ஒரு திருத்தம் செய்வது. எல்லாத் திருத்தமும் முடிந்து கிடைக்கும் மீனுக்கு ‘பனிச்சூடை’ என்று பெயர் வைக்கலாம். பனிக்கடலில் கூட்டமாகத் திரியும் கற்பனை மீன் அது. கடைசியில் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் உண்மையான மீனும் வரும்.

பெட்டிக்குள் உறைந்தது எது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். வவுனியாவில் விறைத்துக் கிடந்த சூடை உறைந்த மீன் அல்ல. உருகிக்கொண்டிருக்கும் ஐஸின் வெப்பநிலை 0 பாகை செல்சியஸ். மீனின் உடல்நீர் வெறும் தண்ணீர் அல்ல. அதில் உப்பும் வேறு பொருட்களும் கரைந்திருக்கின்றன. அது உறைவதற்கு ஏறத்தாழ −0.7 பாகை வேண்டும். ஐஸ்பெட்டிக்குள் அவ்வளவு குளிர் கிடையாது. மீன் விறைத்ததற்குக் காரணம் தசைக்குள் சக்தி தீர்ந்தது. தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் சக்தி தேவை. செத்தபின் அது தீர்ந்துபோக, தசைநார்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. ஐஸ் அந்த விறைப்பைக் கூடிய நேரம் நீடிக்கச் செய்கிறது, அவ்வளவுதான்.

துருவக் கடலின் கதை வேறு. அங்கே உப்பு வேலை காட்டுகிறது. நொறுக்கிய ஐஸுக்குள் ஒரு பிடி ஆனையிறவு உப்பைப் போட்டுக் கலக்கி வெப்பமானியை வைத்தால், அது பூச்சியத்துக்குக் கீழே பல பாகை இறங்குவதைப் பார்க்கலாம். முன்பு கையால் சுற்றி ஐஸ்கிறீம் செய்தவர்கள் வாளியைச் சுற்றி உப்புக் கலந்த ஐஸை நிரப்பியது இதற்காகத்தான். உப்பு நீர்த் துணிக்கைகளுக்கு இடையில் புகுந்து, அவை பனிக்கட்டியாக ஒழுங்குபட்டு அடுங்குவதைக் குழப்புகிறது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், அது −1.9 பாகை வரை உறையாமல் திரவமாகவே இருக்கும்.

ஆகவே அந்தாட்டிக்கக் கரையோரக் கடல் முல்லைத்தீவு ஐஸ்பெட்டியைவிடக் குளிரானது. சூடையின் இரத்தம் உறையவேண்டிய புள்ளி −0.7. சுற்றியுள்ள நீர் −1.9. இரண்டுக்கும் இடையில் 1.2 பாகைதான். பனிச்சூடையின் பிரச்சினையில் பெரும்பகுதி அந்த 1.2 பாகைக்குள் அடங்கியிருக்கிறது.

போத்தலில் கட்டிய தேங்காயெண்ணெய்

ஆனால் சூடை உறையும் கட்டம்வரை போய்ச்சேரவே மாட்டாது. அதற்கு வெகுமுன்பே குளிர் அதைக் கொன்றுவிடும்.

ஏன் என்று அறிய மார்கழி விடியலில் வன்னி வீட்டுக் குசினிக்குள் எட்டிப்பார்த்தால் போதும். தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாகக் கட்டியிருக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் அசையாமல் தெளிவாக நிற்கும். இரண்டும் எண்ணெய்தான். தேங்காயெண்ணெய் 24 பாகையை ஒட்டியே கட்டத் தொடங்கிவிடுகிறது. நல்லெண்ணெயோ பூச்சியத்துக்குக் கிட்டப் போனாலும் இளகியே இருக்கிறது. வித்தியாசம் எண்ணெய்ச் சங்கிலிகளின் வடிவத்தில் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் பெரும்பாலானவை நேரான சங்கிலிகள். நேரான விறகுகளைப்போல அவை நெருக்கமாக அடுங்கிவிடும். நல்லெண்ணெயின் சங்கிலிகள் இடையில் முறிந்து வளைந்தவை. முள்ளுக் கொப்புகளைப்போல, எவ்வளவு அமர்த்தினாலும் சீராக அடுங்கமாட்டா.

உயிரினங்களின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இருக்கிறது. அது இளகியிருந்தால்தான் உணவு உள்ளே வரலாம், கழிவு வெளியே போகலாம், நரம்புச் செய்தி ஓடலாம். ஆண்டு முழுக்க 27, 28 பாகையை ஒட்டிய நீரில் வாழும் சூடையின் படலம் அந்தச் சூட்டுக்கு அளவாக அமைந்தது. துருவக் குளிரில் அது போத்தல் தேங்காயெண்ணெயின் கதிக்கு ஆளாகும். பனிச்சூடைக்கு முதல் திருத்தம் இதுதான்: படலத்தில் வளைந்த சங்கிலிகளைக் கூட்டவேண்டும். குளிர்நீர் மீன்கள் எல்லாம் இதையே செய்திருக்கின்றன. மீனெண்ணெய் குளிரிலும் இலகுவில் கட்டாததற்கு இதுவே காரணம்.

நொதியங்களுக்கும் இதே கதி. உடலுக்குள் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் இந்தப் புரதங்கள் குளிரில் மந்தமாகும். குளிரிலும் வேலை செய்யவேண்டுமென்றால் அவற்றின் கட்டு சற்றுத் தளர்வாக இருக்கவேண்டும். அந்தத் தளர்வுக்கு ஒரு விலை உண்டு. 1967இல் ஜோர்ஜ் சொமேரோவும் ஆர்தர் டிவ்றீஸும் அந்தாட்டிக்காவின் மக்மேர்டோ நீரிணையில் பிடித்த சில மீன்களை மெல்ல மெல்லச் சூடாக்கிப் பார்த்தார்கள். அவை 6 பாகையிலேயே இறந்தன. வீட்டுப் பிறிஜ்ஜின் கீழ்த்தட்டே அந்த மீன்களுக்குக் கொதிநீர்.

தொட்டால் உறையும் மீன்

இரண்டாவது திருத்தம்தான் கடினமானது. இரத்தத்தை உறையவிடாமல் வைத்திருப்பது எப்படி?

1950களில் உடற்றொழிலியலாளர் பேர் ஷொலாண்டர் கனடாவின் லாப்ரடோர் கரையிலுள்ள ஹெப்ரன் குடாவில் இதே கேள்வியோடு வேலை செய்தார். அந்தக் குடாவின் ஆழத்தில் கோடையிலும் மாரியிலும் நீர் −1.7 பாகையை ஒட்டியே இருக்கிறது. அங்கே மீன்கள் சாவகாசமாக நீந்தின. ஆனால் அவற்றின் இரத்தம் அதைவிடக் குறைந்த குளிரிலேயே உறைந்துவிடும் என்று ஆய்வுகூடம் காட்டியது. அப்படியென்றால் அவை உறைந்தல்லவா கிடக்கவேண்டும்?

ஷொலாண்டர் குளிர்ந்த நீருக்குள் நீந்திக்கொண்டிருந்த மீனின் உடம்பில் ஐஸ் துண்டு ஒன்றைப் படவைத்தார். மீன் அந்த இடத்திலேயே உறைந்து செத்தது.

இதற்குக் காரணம் பனிக்கட்டிக்கும் ஒரு ‘விதை’ தேவை என்பதே. சுத்தமான தண்ணீர்ப் போத்தலை ஆழ்குளிர்ப் பெட்டியில் அசையாமல் வைத்தால், சிலவேளை பூச்சியத்துக்குக் கீழே போயும் அது தண்ணீராகவே இருக்கும். எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் கண்முன்னே கட்டியாகும். உறையவேண்டிய புள்ளியைத் தாண்டியும் திரவமாகவே நிற்கும் இந்த நிலையை ‘மிகைக்குளிர்வு’ எனலாம். லாப்ரடோர் மீன்கள் வாழ்நாள் முழுதும் மிகைக்குளிர்விலேயே இருந்தன. ஆழத்தில் ஐஸ் இல்லை, விதை இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை.

பனிச்சூடைக்கு இந்த வழி அடைபட்டது. அது வாழவேண்டிய கரையோரக் கடல் முழுக்க விதைகள். மேலே பனிப்பாளம், நீருக்குள் மிதக்கும் ஐஸ் பளிங்குகள். வாயைத் திறந்தால் ஒன்று உள்ளே போகும். மூச்சுவிடும் பூக்களை (செவுள்களை) கழுவும் நீரோடு இன்னொன்று வரும்.

அப்படியானால் இரத்தத்தில் உப்பைக் கூட்டிவிட்டால் என்ன? பூநகரிப் பக்கத்துப் பண்ணைகளில் வளரும் கடலட்டை அதைத்தான் செய்கிறது. அதன் உடல்நீர் கிட்டத்தட்டக் கடல்நீரளவே செறிவானது. கணவாயும் அப்படித்தான். அந்தாட்டிக்காவில் கோடிக்கணக்கில் திரண்டு நீந்தி, திமிங்கிலங்களுக்கு இரையாகும் கிறில் என்ற கூனி போன்ற உயிரினத்துக்கும் இதே வசதி உண்டு. கடல் உறையாதவரை இவை உறையமாட்டா. எலும்புள்ள மீன்களுக்கோ உடல்நீரில் உப்பு கடலின் மூன்றில் ஒரு பங்களவுதான். அதை மும்மடங்காக்கினால் மூளை முதல் தசைவரை எல்லாமே நிலைகுலையும். அந்தாட்டிக்க மீன்கள் உப்பைச் சற்றுக் கூட்டித்தான் பார்த்திருக்கின்றன. அது பாதித் தூரத்துக்கே போதுமானது.

தறப்பாளும் கல்லும்

மீதித் தூரத்தைக் கடக்க வழி என்ன என்பதைக் கண்டுபிடித்தவர் ஆர்தர் டிவ்றீஸ். 1960களின் தொடக்கத்தில் மக்மேர்டோவுக்குப் போன அவர், கடற்பனியில் துளையிட்டுத் தூண்டிலில் மீன் பிடித்தார். அந்த மீன்களின் இரத்தத்திலிருந்து உப்பையும் ஏனைய சிறு துணிக்கைகளையும் நீக்கிப் பார்த்தபோதும், உறையாமல் தடுக்கும் ஆற்றலில் ஒரு பகுதி எஞ்சியிருந்தது. எஞ்சியது ஒரு புரதம். மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட சிறு அலகு ஒன்று திரும்பத் திரும்ப மாலைபோலக் கோக்கப்பட்டு, ஒவ்வோர் அலகிலும் சீனித் துணிக்கைகள் தொங்கும் அமைப்பு. இதை ‘சீனிப்புரதம்’ என்று சொல்லலாம். 1969இல் இந்த முடிவுகள் வெளிவரத் தொடங்கின.

விந்தை என்னவென்றால், உப்பைப்போல எண்ணிக்கையால் வேலை செய்வதென்றால் இந்தப் புரதம் பல நூறு மடங்கு வேண்டும். அவ்வளவு அங்கே இல்லை. அது செய்யும் வேலையே வேறு.

மீள்குடியேறிய காலத்தில் தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்கு இதை விளக்குவது இலகு. தறப்பாளின்மேல் இடைவெளி விட்டுக் கற்களை வைப்பார்கள். காற்றடித்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் தறப்பாள் புடைக்கும்; ஆனால் பறக்காது. எவ்வளவுக்குப் புடைக்கிறதோ அவ்வளவுக்கு இழுவிசை கூடி, மேலும் எழும்புவது கடினமாகும். மீனுக்குள் புகுந்த ஐஸ் பளிங்கின் முகம் தறப்பாள். வந்து ஒட்டும் சீனிப்புரதங்கள் கற்கள். பளிங்கு வளரப் பார்க்கிறது. புரதங்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் மட்டும் புடைக்கிறது. அப்படிப் புடைத்து வளைந்த முகத்தில் புதிய நீர்த் துணிக்கை வந்து ஒட்டுவதற்கு இன்னும் கூடிய குளிர் வேண்டும். அந்தக் குளிர் கடலில் இல்லை. பளிங்கு அப்படியே நின்றுவிடுகிறது.

தறப்பாள் உவமையில் ஓர் எல்லையும் உண்டு. புயல் வந்தால் கல்லும் காக்காது. அதுபோல இம்மீன்கள் பலவற்றை −2.2 பாகைக்கும் கீழே கொண்டுபோனால் பளிங்கு கட்டுமீறி வளர்ந்து, மீன் உறைந்துவிடும். ஆனால் கடல்நீர் −1.9இலேயே உறையத் தொடங்கிவிடுவதால், மீனைச் சூழ்ந்த நீர் அந்த எல்லைவரை குளிர்வதில்லை.

இந்த வித்தை மனிதரின் குசினிக்கும் வந்துவிட்டது. கரண்ட் போய்த் திரும்பி வந்தபின் பிறிஜ்ஜிலுள்ள ஐஸ்கிறீம் மணல்போலக் கடிபடுவது, உருகிய நீர் மறுபடி பெரிய பளிங்குகளாக உறைவதால்தான். வட அத்திலாந்திக் மீன் ஒன்றிலுள்ள இதே தொழிலைச் செய்யும் வேறொரு புரதத்தை மதுவத்தில் உற்பத்தி செய்து ஐஸ்கிறீம் வகைகளில் சேர்க்க 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது.

சமிபாட்டு நொதியத்தின் மறுபிறவி

பனிச்சூடையைக் கற்பனை செய்பவர் சீனிப்புரதத்தைப் புதிதாக வரைந்து உடம்புக்குள் வைத்துவிடலாம். இயற்கைக்கு அந்த வசதி இல்லை. கையில் இருந்ததை வைத்துத்தான் சமாளிக்கவேண்டும்.

1997இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் லியாங்பியாவ் சென், டிவ்றீஸ், கிறிஸ்ரினா செங் ஆகியோர் இந்தப் புரதத்துக்கான பரம்பரையலகை ஆராய்ந்து, அதன் பழைய வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அது திரிப்சின் என்ற சமிபாட்டு நொதியத்தைத் தரும் பரம்பரையலகிலிருந்து பிறந்திருந்தது. பழைய பரம்பரையலகின் முன்முனையும் பின்முனையும் அடையாளம் தெரியக்கூடியதாகவே இருந்தன. நடுவில் மட்டும் ஒரு சின்னத் துண்டு பலமுறை பிரதியாகி நீண்ட மாலையாகியிருந்தது. இறைச்சியைக் கரைக்கும் கருவி, ஐஸைப் பிடிக்கும் கருவியாகிவிட்டது.

பின்வந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இப்புரதம் பெரும்பாலும் சதையியிலும் இரைப்பைப் பகுதியிலும் சுரக்கிறது. மீன் உணவோடும் நீரோடும் ஐஸை விழுங்கும் பாதையும் அதுதான். பழைய நொதியம் சுரந்த இடமே புதிய காவலுக்கும் பொருத்தமான இடமாக அமைந்தது.

வடதுருவத்தில் கதை இன்னும் விசித்திரமானது. அங்கே பனிக்கு அடியில் பெருங்கூட்டமாகத் திரியும் துருவக் கொட் மீனின் இரத்தத்திலும் அச்சொட்டாக இதேபோன்ற சீனிப்புரதம் இருக்கிறது. இரண்டு மீன்களுக்கும் நெருங்கிய உறவில்லை. இடையில் வெப்பவலயக் கடல்கள் முழுவதும் கிடக்கின்றன. 2019இல் வெளியான ஆய்வின்படி, கொட் மீனின் பரம்பரையலகு எந்தப் புரதத்தையும் தராமல் கிடந்த மரபுப்பொருள் துண்டிலிருந்து உருவானது. ஒரே பூட்டுக்கு இருவர் தனித்தனியாகத் திறப்பு அராவினார்கள்; ஒருவர் பழைய திறப்பைத் தேய்த்தார், மற்றவர் தகரத் துண்டில் தொடங்கினார்.

இந்தச் சமாளிப்புக்குப் பக்கவிளைவும் உண்டு. வளரவிடாமல் ஐஸைப் பிடிக்கும் புரதம், உருகவிடாமலும் பிடிக்கிறது. 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, கோடையில் நீர் சற்றுச் சூடாகி, ஐஸ் உருகவேண்டிய புள்ளியைத் தாண்டிய பின்னரும் மக்மேர்டோ மீன்களுக்குள் ஐஸ் பளிங்குகள் உருகாமல் கிடந்ததைக் காட்டியது. மீன் பிழைத்திருக்கிறது; ஆனால் உடம்புக்குள் ஐஸைச் சுமந்தபடியே பிழைத்திருக்கிறது.

மிதப்பு இல்லாத வம்சம்

இதுவரை திருத்தியதில் பனிச்சூடை உயிரோடு இருக்கும். இனி அது நடுநீரில் மிதக்கவேண்டும், கூட்டமாக நீந்தவேண்டும். முல்லைத்தீவுச் சூடைக்கு அதில் சிக்கலில்லை. அதன் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. வலையின் மேற்கயிற்றில் கட்டும் மிதப்பைப்போல, நீந்தாமல் நின்றாலும் அமிழ்ந்துபோகாமல் அது தாங்கும். கற்பனை மீனும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் கற்பனையும் உண்மையும் பிரிகின்றன. உண்மை மீனின் பெயர் அந்தாட்டிக்க வெள்ளிமீன். 1902இல் ஜோர்ஜ் புலங்கர் அதை விவரித்து விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அதிகம் போனால் 25 சென்ரிமீற்றர் நீளம், ஒடுங்கிய உடல், வெள்ளி மினுக்கம். தூரத்தில் வைத்துக் காட்டினால் சூடையின் ஒன்றுவிட்ட சகோதரம் என்றுதான் கரையில் நிற்பவர் சொல்வார். உறவு துளியும் இல்லை. அந்தாட்டிக்காவைச் சுற்றியுள்ள கரையோரக் கடலெங்கும் அது இருக்கிறது. அங்குள்ள றோஸ் கடலின் நடுநீரில் அகப்படும் மீன்களில் நூற்றுக்கு 90க்கும் மேல் இந்த ஒரே இனம்தான்.

ஆனால் அதற்குக் காற்றுப்பை கிடையாது. அதன் மூதாதைகள் கடலடித் தரையில் ஊர்ந்து திரிந்தவை. தரையில் கிடப்பவற்றுக்கு மிதப்பு எதற்கு? காற்றுப்பை வம்சத்திலிருந்தே தொலைந்துபோனது. பிறகு, 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பனிமூடத் தொடங்கிய அந்தாட்டிக்காவைச் சுற்றிக் கடல் குளிர்ந்து, ஏனைய மீன்கள் அருகியபோது, நடுநீர் வெறுமையாகக் கிடந்தது. தரைமீன் குடும்பத்தில் ஒரு கிளை மேலே எழும்பியது. தொலைந்த உறுப்பு திரும்ப முளைக்கவில்லை.

1978இல் டிவ்றீஸும் ஜோசப் ஈஸ்ற்மனும் அது எப்படி மிதக்கிறது என்பதைக் கண்டார்கள். தோலுக்கு அடியிலும் தசைகளுக்கு இடையிலும் சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகள். எண்ணெய் நீரைவிட இலேசானது. அதோடு எலும்புகளில் கனிப்பொருளும் குறைந்துவிட்டது. முதுகெலும்பின் கண்டங்கள் திண்மையான கட்டைகளாக இல்லாமல் மெல்லிய வளையங்களாகவே இருக்கின்றன. வள்ளத்தைப் பாரம் குறைத்து, பக்கத்தில் எண்ணெய்க் கலன் கட்டி மிதக்கவிட்டது போன்ற ஏற்பாடு.

இதே குடும்பத்தின் இன்னொரு கிளை வேறு பாதையில் போனது. ‘பனிமீன்’ எனப்படும் அவற்றின் இரத்தத்தில் சிவப்பே இல்லை. ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினைக் கைவிட்டுவிட்டன. 1954இல் நோர்வே ஆய்வாளர் யொஹான் றூட் இதை உறுதிப்படுத்தினார். குளிர்நீரில் ஒட்சிசன் கூடுதலாகக் கரைவதால் நிறமற்ற இரத்தமும் அவற்றுக்குப் போதுமாகிறது.

இருட்டில் கூட்டம்

முல்லைத்தீவில் சூடைக் கூட்டத்தைப் பகலில் கரையிலிருந்தே அடையாளம் காண்பவர்கள் இருக்கிறார்கள். நீர் கருமை தட்டும், மேலே பறவைகள் வட்டமிடும். கூட்டம் மீனுக்கு ஒரு காவல். பாய்ந்து வரும் பாரைக்கு ஆயிரம் மினுக்கங்களில் ஒன்றைக் குறிவைப்பது சிரமம். கரைவலைக்கு மட்டும் அந்தக் காவல் எதிராகத் திரும்பிவிடுகிறது.

மக்மேர்டோவிலோ மாரியில் நான்கு மாதம் சூரியன் எழும்புவதே இல்லை. கண் தெரியாத இருட்டில் கூட்டம் குலையாதா? 1976இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் கொட் குடும்பத்து மீன்களின் கண்களை மறைத்து, கூட்டத்தோடு விட்டுப் பார்த்தார்கள். அவை இடம் பிசகாமல் சேர்ந்தே நீந்தின. மீன்களின் உடம்பில் நீரின் அசைவை உணரும் நுண்புலன் ஒன்றுண்டு. பக்கத்து மீனின் வால் அடிப்பது அதற்குத் தெரியும். பல மீன்களில் இது பக்கவாட்டில் ஒரு கோடாக ஓடுவதால் ‘பக்கக்கோடு’ எனப்படுகிறது. சூடைக்கு அது தலைப்பகுதியோடு நின்றுவிடும். பனிச்சூடைக்கு இந்தப் புலனை வால்வரை நீட்டிக்கொடுப்பது நல்லது.

உண்மை வெள்ளிமீன் பனிக்கடியில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்துச் சொன்னது ஒரு கடல்நாய். வெட்டல் கடல்நாய்களின் தலையில் சிறு கமெராக்களைப் பொருத்தி அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்த பதிவுகள் 1999 முதல் வெளிவந்தன. ஒளி குறைந்த வேளையில் வெள்ளிமீன்கள் மேல்நீருக்கு ஏறின, ஒளி கூடியபோது ஆழத்துக்கு இறங்கின. கடல்நாய் மட்டுமல்ல, பேரரசப் பென்குயினும் அடேலிப் பென்குயினும் மின்கி திமிங்கிலமும் இதே மீனைத் தேடித்தான் வருகின்றன. தொலைக்காட்சிப் பென்குயின் தின்றதும் இதுவாக இருந்திருக்கலாம்.

ஐஸுக்குள் ஒரு தொட்டில்

கடைசித் திருத்தம் முட்டைக்கு. முட்டையையும் குஞ்சையும் ஐஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கலாமோ அவ்வளவுக்குப் பாதுகாப்பு என்றுதான் கற்பனை செய்பவர் நினைப்பார். ஆழத்தில், விதை இல்லாத இடத்தில். அறிவுள்ள முடிவு அது.

வெள்ளிமீன் நேர்மாறாகச் செய்கிறது. 2002இல் றோஸ் கடலின் தெறா நோவா குடாவில் இத்தாலிய ஆய்வாளர்கள் கடற்பனியில் துளையிட்டபோது, அடியில் தளர்வாகத் தொங்கும் பனித்தகடுகளுக்கு இடையே கண்பொட்டுத் தெரியும் நிலையில் மீன்முட்டைகள் திரள்திரளாக மிதந்தன. பெரிய பனிமேடைகளுக்கு அடியிலிருந்து மேலெழும் மிகைக்குளிர்ந்த நீர் இப்படித் தகடுதகடாக உறைகிறது. அதற்குள் எதிரிகள் நுழைவது கடினம் என்பது அனுகூலம். ஆனால் அங்கே எத்தனை ஐஸ் விதைகள் இருக்கும்!

பொரித்த குஞ்சு ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. அதன் இரத்தத்தில் சீனிப்புரதம் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 2006இல் ஒரு வியப்பு காத்திருந்தது. இருந்தது மிகக் கொஞ்சம். அந்த அளவால் அதைக் காப்பாற்றவே முடியாது. காப்பாற்றியது தோல். கீறலோ காயமோ இல்லாத இளந்தோல் ஐஸை உள்ளே விடுவதில்லை. வளர்ந்த மீனுக்கு ஐஸ் நுழையும் வாசல்களில் ஒன்றான பூ, குஞ்சில் இன்னும் சரியாக விரியவில்லை. பூ விரியும் காலத்துக்குள் புரதம் பெருகவேண்டும்.

கற்பனை மீனும் உண்மை மீனும்

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பனிச்சூடைதான் சிறந்த வடிவமைப்பு. அதற்குக் காற்றுப்பை உண்டு, நீண்ட பக்கக்கோடு உண்டு, முட்டை ஐஸுக்குத் தூரத்தில் இருக்கும். வெள்ளிமீனோ தொலைந்த உறுப்புக்குப் பதில் எண்ணெய், சமிபாட்டு நொதியத்தில் வெட்டியொட்டிய புரதம், கீறல் விழாத தோல் என்று ஒட்டுப்போட்டே வந்திருக்கிறது. ஏழெட்டு வருடத்துக்குப் பிறகுதான் அது முட்டையிடும் பருவத்தை அடைகிறது. இருந்தும் ஒரு கண்டத்தைச் சுற்றிய கடலில் மிகுதியாக இருப்பது அதுதான்.

அந்த ஒட்டுகளில் ஒன்று இப்போது அவிழ்கிறது. தொட்டில் ஐஸால் ஆனது. அந்தாட்டிக்கத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் 1993 முதல் 2017 வரை வலை இழுத்துச் சேர்த்த குஞ்சுகளை எண்ணி 2022இல் வெளியான ஆய்வு, கடற்பனி குறைந்து நீர் சூடான ஆண்டுகளில் வெள்ளிமீன் குஞ்சுகளும் குறைந்ததைக் காட்டியது. சூடை வடக்கே போகலாம், தெற்கே போகலாம். வெள்ளிமீனுக்கு ஏற்கெனவே மிகக் குளிர்ந்த கடல்தான் வீடு. தெற்கே கண்டம் மறிக்கிறது.

தெறா நோவா குடாவின் முட்டைத் தொட்டில் 2013இல் அந்தாட்டிக்க உடன்படிக்கையின் கீழ் 173ஆம் இலக்க விசேட பாதுகாப்புப் பகுதியானது. அங்குள்ள ஒரு குடாவுக்கு இந்த மீனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் உள்ளே போகமுடியாது. முட்டைகள் அங்கே நவம்பரில் பொரிக்கின்றன. வாடையில் கடல் கொந்தளித்து, முல்லைத்தீவுக் கரைவலைகள் வாடிக்குள் ஏறிவிடும் மாதம் அது.